மிசினை ஸ்ரார்ட் பண்ண மட்டும் தெரிந்திருந்தது

என் மனிசன் 2023 பெப்ரவரியில் கட்டாருக்குப் போனார். போவதற்கு முதல் நாள் பின்னேரம் கிணற்றடியில் வைத்து, தண்ணீர் இறைக்கிற மிசினை எனக்குப் பழக்கினார். "பெற்றோல் பைப்பைத் திற, சோக்கைப் போடு, கயித்தை இழு, பிடிச்சதும் சோக்கை எடு." ஐந்து நிமிடத்தில் பாடம் முடிந்தது. மூன்றாவது இழுவையில் நான் ஸ்ரார்ட் பண்ணிக் காட்டினேன். மாமி கை தட்டினா. அந்த வருடம் முடிவதற்குள் அதே மிசினால் விளைச்சலில் ஒரு பங்கு போனது, சேர்த்து வைத்த காசு போனது, ஆடி மாதத்தில் நானும் போகப் பார்த்தேன். எதை ஊற்றக் கூடாது, எங்கே வைக்கக் கூடாது என்று யாராவது இன்னொரு பத்து நிமிடம் இருத்திச் சொல்லியிருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் போல மிசினோடு தனியே விடப்பட்ட ஆட்கள் வன்னியில் குறைவில்லை.

எங்கள் காணி விசுவமடுப் பக்கம், பரந்தன் முல்லைத்தீவு றோட்டிலிருந்து உள்ளே. அரை ஏக்கர் கச்சான் (நிலக்கடலை), கொஞ்சம் மிளகாய், கொஞ்சம் வாழை. கிணறு 32 அடி. மாரியில் மழை பார்த்துக்கொள்ளும், சிறுபோகத்தில் இறைப்பு இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. மிசின் 163 சீசீ பெற்றோல் இஞ்சின், இரண்டு இஞ்சிக் குழாய். பழையதாக 38,000 ரூபாவுக்கு வாங்கியது. மணிக்கு ஒரு லீற்றருக்குக் கிட்டக் குடிக்கும்.

முதல் பிரச்சினை பழைய பெற்றோல். 2022 யாருக்கும் மறந்திருக்காது. ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்ரேன் லீற்றர் 470 ரூபா ஆனது. விலை ஒரு பக்கம் இருக்க, காசு கொடுத்தாலும் பெற்றோல் இல்லை. வாகனத்துக்கு இவ்வளவு என்று கியூஆர் பங்கீடு வந்த பிறகும் கானோடு போனால் ஊற்றவில்லை, மோட்டார் சைக்கிளில் அடித்துக்கொண்டு வந்து வீட்டில் குழாய் போட்டு இறக்கினோம். அப்படிச் சேர்த்த ஐந்து லீற்றரைச் சோடாப் போத்தல்களில் ஊற்றி, சாமி அறைக்குப் பக்கத்து அறையில் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தோம். பிள்ளைகள் படுக்கிற கட்டில். இப்போது நினைத்தால் வயிறு பதறுகிறது, அப்போது அது தங்கம். அதைத்தான் 2023 மார்ச்சில் மிளகாய்க் கன்றுக்கு இறைக்க மிசினில் ஊற்றினேன்.

நாற்பது தடவையாவது இழுத்திருப்பேன். தோள் வீங்கிப் போனது. பக்கத்துக் காணி அண்ணை வந்து இழுத்தார், அவருக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் இரண்டு சில்லு உழவு மிசினான லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிக் கராச்சுக்குக் கொண்டுபோனோம். கராச் தம்பி ராங்கி மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். "அக்கா, இது பெற்றோல் இல்லை, வார்னிஷ்." பெற்றோல் வைத்திருக்க வைத்திருக்க அதிலுள்ள இலேசான பகுதி ஆவியாகிப் போய்விடும். மிச்சம் காற்றுப்பட்டுப் பிசின் மாதிரி ஆகும். பெற்றோலைக் காற்றோடு கலக்கிற காபரேற்றருக்குள் இருக்கிற ஜெற் என்கிற சின்னப் பித்தளைத் துண்டில் தையல் ஊசி போகாத அளவு ஓட்டை. பிசின் முதலில் போய் அடைவது அங்கேதான். கழற்றிக் கழுவிப் பூட்ட 2,500 ரூபா வாங்கினார், நியாயம்தான். ஆனால் அந்த வேலை வரவே தேவையில்லை என்று அவரே சொன்னார்.

அவரிடம் கற்றது இதுதான். ஒரு மாதத்துக்குள் முடிக்கக்கூடிய பெற்றோலை மட்டும் வாங்க வேண்டும். இறைத்து முடிந்து, அடுத்த இறைப்புக்குக் கன நாள் இருக்கிறதென்றால் சுவிச்சைப் போட்டு நிற்பாட்டாமல், பெற்றோல் பைப்பைப் பூட்டிவிட்டு மிசினை ஓட விட வேண்டும். காபரேற்றரில் கிடப்பதைக் குடித்து முடித்து அது தானாக நிற்கும். போகம் முடிந்து மாதக்கணக்கில் வைப்பதென்றால் ராங்கியையும் வடித்துவிட வேண்டும், காபரேற்றர்க் கிண்ணத்துக்கு அடியில் உள்ள ஆணியை இளக்கி மிச்சத்தையும் எடுக்க வேண்டும். பெற்றோல் வைப்பது அதற்கென்று உள்ள கானில், வீட்டுக்கு வெளியே, நிழலில். சோடாப் போத்தலில் ஒருபோதும் வேண்டாம். வெயிலில் அது ஊதும், அதைவிடத் தாகத்தோடு ஓடிவருகிற பிள்ளைக்கு அது சோடாதான்.

அடுத்தது மண்ணெண்ணெய். இதில் மாமாவுக்கும் எனக்கும் இன்றைக்கும் சண்டை. மாமா நல்ல மனிசன், தோட்டத்தில் அவருக்குத் தெரியாதது குறைவு. ஆனால் யுத்த காலத்தில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த எல்லோரையும் போல அவருக்கும் பெற்றோல் என்றால் ஸ்ரார்ட் பண்ண மட்டும் விடுகிற மருந்து, ஓடுவது மண்ணெண்ணெயில். அந்த நாளில் மோட்டார் சைக்கிளே அப்படித்தான் ஓடியது, நானும் சின்னப் பிள்ளையாக அந்தப் புகையை மணந்து வளர்ந்தவள். அதனால் பெற்றோல் குறைகிற நேரம் மாமா சொன்னபடி பாதிக்குப் பாதி மண்ணெண்ணெய் கலந்தேன். மிசின் ஓடத்தான் செய்தது. கொஞ்சம் புகைத்தது, கொஞ்சம் தட்டியது. ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன்.

மண்ணெண்ணெயில் ஓடவென்றே செய்த இஞ்சின்கள் இருக்கின்றன. அவற்றில் அமுக்கம் குறைவு, பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணிச் சூடாக்கிய பிறகு மாற்றுவதற்கென்று தனிச் சின்ன ராங்கியும் இருக்கும். பெற்றோலுக்கென்று செய்த இஞ்சினில் மண்ணெண்ணெயை ஊற்றினால் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் பிஸ்ரன் றிங்குக்குப் பக்கத்தால் வழிந்து கீழே ஒயிலோடு கலக்கும், ஒயில் தண்ணீராகும். இந்த நட்டத்தை எல்லாம் தாங்கிக்கொண்டு மிச்சம் பிடிக்கிற காசாவது உண்டா என்றால் அதுவும் பெரிதாக இல்லை. லீற்றர் 87 ரூபாவுக்கு விற்ற மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 340 ரூபா ஆனதை எல்லோரும் பார்த்தோம். மாமாவின் கணக்கு 87 ரூபாக் காலத்துக் கணக்கு.

சரி, ஒயிலுக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் நெஞ்சு உடைந்த இடம் இது.

மே முதல் கிழமை கச்சான் போட்டோம். நாற்பதாம் நாள் அளவில் பூத்து விழுது இறங்குகிற நேரம். கச்சான் செய்கிறவர்களுக்குத் தெரியும், அந்த நேரம் மண் காய்ந்து இறுகினால் விழுது மண்ணுக்குள் போகாது, போன விழுதிலும் காய் பிடிக்காது. வெளியே கச்சான் காற்று அடித்துக் கொளுத்துகிறது. (பயிருக்கும் கச்சான், அதைக் கருக்குகிற காற்றுக்கும் கச்சான். யார் பெயர் வைத்தார்களோ.) ஜூன் நடுப்பகுதியில் ஒரு காலை, இறைக்கத் தொடங்கி ஒரு மணித்தியாலம் இருக்கும். நான் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன். மிசினின் சத்தம் மாறியது. இரும்புப் பெட்டிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு கரகரப்பு. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் "டக்" என்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் என் கண்ணுக்கு முன்னால் மண்ணுக்குள் சுவறிப் போனது. கயிற்றை இழுத்தேன், சுவரில் கட்டின கயிறு மாதிரி அசையவில்லை. கிணற்றுக்கட்டில் இருந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கராச்சில் திறந்து ஒயிலை வடித்தபோது ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான் வந்தது. 0.6 லீற்றர் இருக்க வேண்டிய இடம். வந்ததும் கறுப்பாக, தண்ணீர் மாதிரி, மண்ணெண்ணெய் மணத்தோடு. இந்தச் சின்ன இஞ்சின்களில் ஒயிலைத் தள்ள பம்ப் எதுவும் இல்லை. பிஸ்ரனைக் கீழே சுற்றுகிற கிராங் தண்டோடு இணைக்கிற கொன்ரோட்டின் அடியில் ஒரு சின்னக் கரண்டி மாதிரி இருக்கிறது. அது சுற்றும்போது கீழே கிடக்கிற ஒயிலை அள்ளி எல்லா இடமும் தெறிக்கும். ஒயில் கரண்டிக்கு எட்டாவிட்டால் அவ்வளவுதான். கொன்ரோட்டின் அலுமினியம் உருகிக் கிராங்கில் பூசினமாதிரி ஒட்டியிருந்ததைத் தம்பி காட்டினார்.

ஆனால் நான் ஒயில் பார்த்தேன். அதுதான் எனக்கு விளங்கவேயில்லை. அந்தக் கிழமைகூடக் குச்சியை எடுத்துப் பார்த்தேன், குச்சியில் ஒயில் இருந்தது. தம்பி கேட்ட முதல் கேள்வி, "மிசின் எங்கே வச்சிருக்கிறியள்?" கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்துச் சரிவில். மிசின் ஒரு பக்கம் சாய்ந்து நிற்க, உள்ளே கிடந்த கொஞ்ச ஒயிலும் குச்சி இருக்கிற பக்கம் ஒதுங்கி, எனக்கு நிறைய இருப்பதாகக் காட்டியிருக்கிறது. கரண்டி இருக்கிற பக்கம் வறண்டு கிடந்திருக்கிறது. இன்னொன்றையும் கண்டுபிடித்தார். ஒயில் குறைந்தால் மிசினைத் தானாக நிற்பாட்ட உள்ளே ஒரு சென்சர் இருக்கிறது. அதன் வயரை யாரோ கழற்றி ரேப் சுற்றி விட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர்களாக இருக்கலாம். சாய்வில் வைத்து இறைக்கும்போது மிசின் அடிக்கடி நிற்க, "சென்சர் பழுது" என்று கழற்றி விடுவது வழக்கமாம். நிறையப் பேர் செய்கிறார்கள் என்றார். பழைய மிசின் வாங்குகிற எவரும் முதலில் அந்த வயர் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கொன்ரோட், பிஸ்ரன், றிங், கஸ்கற், கிராங் தேய்ப்பு, கூலி எல்லாமாக 18,500 ரூபா. சாமான் கிளிநொச்சியில் இல்லாமல் வேறிடத்திலிருந்து வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் மூன்று இறைப்புக்கு வாடகை மிசின், ஒரு தடவைக்கு 1,500 ரூபாவும் பெற்றோலும். அதுவும் கேட்ட நாளில் கிடைக்காது, எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தானே தண்ணீர் தேவை. முந்தின வருடம் எட்டு அந்தர் (ஓர் அந்தர் ஏறத்தாழ 50 கிலோ) எடுத்த நிலத்தில் அந்த வருடம் ஐந்துதான் எடுத்தேன். மூன்று அந்தர் கச்சான் என்றால் குறைந்தது 60,000 ரூபா. 60,000 ரூபாவையும் 18,500 ரூபாவையும் ஒரு போத்தல் ஒயிலின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அதற்குப் பிறகு நான் ஒயிலில் பைத்தியம் மாதிரி. ஒவ்வொரு இறைப்புக்கு முன்னாலும், மிசின் ஆறியிருக்க, மட்டப்பலகை வைத்து இறுக்கின சீமெந்துக் கட்டில் வைத்துப் பார்ப்பேன். எங்கள் மிசினில் குச்சியைத் துடைத்துவிட்டு, திருகாமல் சும்மா உள்ளே விட்டு எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும், திருகிப் பார்த்தால் இருப்பதைவிடக் கூடக் காட்டும். எல்லா மிசினுக்கும் அது ஒன்றல்ல, வாங்குகிற இடத்தில் கேளுங்கள். புது இஞ்சினோ, இப்படித் திறந்து செய்த இஞ்சினோ முதல் 20 மணித்தியாலம் ஓடியதும் ஒயிலை மாற்ற வேண்டும், உள்ளே தேய்ந்த தூள் எல்லாம் அதில்தான் இருக்கும். பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. இந்தப் புழுதிக்கும் வெக்கைக்கும் நான் 50இலேயே மாற்றிவிடுகிறேன். இஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது வடித்தால்தான் அழுக்கோடு வரும். 10டபிள்யூ30 என்று கேட்டு வாங்குங்கள். லாண்ட்மாஸ்ரரில் வடித்த ஒயிலைத் தெளியவைத்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார், கும்பிட்டு அனுப்பினேன். வடித்த ஒயிலைக் கிணற்றுப் பக்கம் ஊற்றாதீர்கள், அது நாளைக்கு உங்கள் தேநீருக்குள் வரும்.

மணித்தியாலக் கணக்கு எப்படி வைப்பது என்று கேட்பீர்கள். பிள்ளையின் பழைய கொப்பி ஒன்று, மிசின் வைக்கிற கொட்டிலில் நூலில் கட்டித் தொங்குகிறது. எத்தனை மணிக்கு ஸ்ரார்ட், எத்தனை மணிக்கு நிற்பாட்டு. பென்சில் மட்டும் அடிக்கடி காணாமல் போகும்.

சின்னச் சின்ன விசயங்களைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற மிசினுக்கு, அல்லது இப்போதுதான் நின்ற மிசினுக்குப் பெற்றோல் ஊற்றக் கூடாது. பதினைந்து நிமிடமாவது ஆற விடுங்கள். சைலன்சரில் ஒரு துளி விழுந்தால் போதும் தீப்பிடிக்க, பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், தரையோடு பரவி நிற்கும். வீட்டில் போடுகிற என் சோட்டிச் சட்டையின் கை சைலன்சரில் பட்டுக் கருகி என் கையில் ஒரு தழும்பு இருக்கிறது, அது பெற்றோல் இல்லாத நேரம் நடந்ததால் தழும்போடு போனது. இப்போது மனிசனின் பழைய சேட்டைப் போட்டு, தலைமுடியை முடிந்து கட்டிக்கொண்டுதான் கிட்டப் போகிறேன். பம்புக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் ஒருபோதும் ஸ்ரார்ட் பண்ணாதீர்கள், உள்ளே இருக்கிற சீல் தண்ணீரால்தான் குளிர்கிறது, வறட்டில் ஓடினால் சில நிமிடத்தில் கருகும். காற்று பில்டரில் உள்ள ஸ்பொஞ்சைக் கச்சான் காற்றுக் காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வைத்து, துளி நல்ல ஒயிலில் நனைத்துப் பிழிந்து போட வேண்டும். "புழுதி பிடிக்குது" என்று கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அந்தப் புழுதி பிறகு போவது பிஸ்ரனுக்கு.

இனிக் கிணறு.

ஓகஸ்ட் முதல் கிழமை, கச்சான் பிடுங்குகிற காலம். பிடுங்குவதற்கு முன் ஒரு தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணோடு நிற்கும். ஏற்கெனவே மூன்று அந்தர் போன நிலம், இருக்கிறதையாவது முழுதாக எடுக்க வேண்டும் என்ற வெறி எனக்கு. ஆனால் கிணற்றுத் தண்ணீர் 26 அடிக்குக் கீழே போய்விட்டது. மேலே இருக்கிற மிசின் தண்ணீரை உறிஞ்சி எடுப்பதாக நாம் நினைக்கிறோம், உண்மையில் வெளிக்காற்றின் அமுக்கம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்கின்படி அது 10 மீற்றர்தான் தள்ளும், நடைமுறையில் 7, 8 மீற்றரோடு சரி, அதாவது ஏறத்தாழ 25 அடி. அதற்குக் கீழே எவ்வளவு பெரிய மிசினும் மேலிருந்து இறைக்காது. அதனால் வன்னியில் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். கிணற்றுக்குள் பன்னிரண்டு அடியில் ஒரு படி மாதிரிக் கட்டு இருக்கிறது. பக்கத்துக் காணி அண்ணையும் மகனும் வந்து மிசினைக் கயிற்றில் கட்டி, அந்தக் கட்டில் இறக்கி வைத்தார்கள். அண்ணை ஏணியால் இறங்கி ஸ்ரார்ட் பண்ணிவிட்டு ஏறிவந்தார். தண்ணீர் வந்தது. அவர்கள் தங்கள் வேலைக்குப் போய்விட்டார்கள்.

முக்கால் மணித்தியாலத்தில் குழாய் காற்று இழுக்கத் தொடங்கியது. தண்ணீர் நின்றுவிட்டது, மிசின் வறட்டில் ஓடுகிறது. எனக்கு ஞாபகம் வந்தது சீல். இன்னொரு கராச் பில். யோசிக்காமல் ஏணியால் இறங்கினேன். அன்று ஆடிச் செவ்வாய் விரதம், காலையிலிருந்து தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் படவில்லை. உள்ளே புகை என்று பெரிதாக ஒன்றுமில்லை, அதுதான் என்னை ஏமாற்றியது. ஏணியில் நின்றபடியே கையை எட்டி சுவிச்சைப் போட்டேன். மிசின் நின்றது. அந்த அமைதியில் காதுக்குள் என் இரத்தம் அடிக்கிற சத்தம் கேட்டது. தலையை யாரோ இரண்டு கையாலும் நெரிப்பது போல இருந்தது. ஏறுவதற்குக் காலைத் தூக்கினேன், கால் என்னுடையதாக இல்லை. கீழே கறுத்த தண்ணீர். இங்கே கொஞ்சம் இருந்துவிட்டு ஏறலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, நல்ல சுகமான நினைப்பு. மேலே முற்றத்தில் சின்னவன் "அம்மா" என்று எதற்கோ கத்தினான். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். எத்தனை படி என்று தெரியாது. கிணற்றுக்கட்டில் வயிற்றைப் போட்டு வெளியே விழுந்து, வாந்தி எடுத்தேன்.

மாமி வந்து பார்த்துவிட்டு விரத மயக்கம் என்றா. பக்கத்து வீட்டு அக்கா, மத்தியான நேரம் கிணற்றடிக்குப் போனதால் முனி அடித்திருக்கிறது என்று வேப்பிலை கொண்டுவரப் போனா. முகத்தில் தண்ணீர் அடித்துப் படுக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அண்ணையின் மகன்தான் அம்புலன்ஸ் நம்பரான 1990க்கு அடித்தான். அம்புலன்சில் வந்த பிள்ளை கேட்ட கேள்வி ஒன்றுதான். "மிசின் உள்ளுக்குள்ளயா ஓடினது?" ஓம் என்றதும் மூக்கில் ஒட்சிசன் மாஸ்க்கைப் போட்டு வைத்தியசாலைக்கு ஏற்றிவிட்டார்கள்.

பெற்றோல் எரிகிற எந்த மிசினும் காபன் மொனொக்சைட் என்கிற வாயுவை வெளியே விடும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். நிறம் இல்லை, மணம் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்கிற இடத்தை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். வெளியில் காற்றோடு கலைந்து போகிற அதே புகை, கிணற்றுக்குள் சேர்ந்துகொண்டே போகும், மிசினை நிற்பாட்டினாலும் கெதியில் கலைந்து போகாது. முகத்துக்கு ஈரத் துணி கட்டினாலும் தடுக்காது. விரலில் மாட்டுகிற கருவி எனக்கு 98 காட்டியது. அதற்கு ஒட்சிசனையும் இந்த வாயுவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, அதனால் அதை நம்பி வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார். ஆகவே யாருக்காவது இப்படி நடந்தால் "மயக்கம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், மிசின் ஓடியது என்பதைச் சொல்லுங்கள். எனக்கு அன்றிரவு முழுக்க ஒட்சிசன், பிறகு மூன்று நாள் தலையிடி.

வீட்டுக்கு வந்ததும் மாமா, "விளக்கை இறக்கிப் பார்த்திருக்கலாமே" என்றார். எங்கள் ஊரில் கிணறு கலக்கி இறைக்கிற நேரம் எல்லாரும் செய்வதுதான். விளக்கு அணைந்தால் உள்ளே மூச்சு விடக் காற்றில்லை என்று தெரியும், அது உண்மை. ஆனால் ஆளைக் கொல்லுகிற அளவு காபன் மொனொக்சைட் இருந்தாலும் விளக்கு அணையாமல் எரியும். அதைவிட, மிசினிலிருந்து பெற்றோல் சிந்தி அதன் ஆவி அடியில் நின்றால் விளக்கை இறக்குவது தீக்குச்சி போடுவது மாதிரி. வேப்பங்குழையைக் கட்டி மேலும் கீழும் ஆட்டுவார்கள், காற்றுக் கொஞ்சம் கலையும்தான், மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று யார் பார்த்தது? உள்ளே ஒருவர் விழுந்தால் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் விழுவார், மூன்றாவது ஆளும் விழுவார். இறங்காதீர்கள், 1990க்கு அடியுங்கள். எந்தக் காரணத்துக்குக் கிணற்றுக்குள் இறங்கினாலும் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். பெற்றோல் மிசின் ஓடின கிணறென்றால் அதுவும் வேண்டாம். கிணற்றோரம் பள்ளம் வெட்டி மிசினை இறக்குவதும், கதவு பூட்டின கொட்டிலுக்குள் ஓட்டுவதும், கரண்ட் போன இரவு ஜெனரேற்றரை விறாந்தையில் வைப்பதும் இதே கதைதான்.

அந்த வருடம் சீட்டுக்காசு எடுத்ததும் 46,000 ரூபாவுக்குக் கிணற்றுக்குள் விடுகிற ஒரு குதிரைவலு கரண்ட் மோட்டார் வாங்கினேன், வயர், ட்ரிப் சுவிச் எல்லாம் சேர்த்து. அதிலும் ஆபத்து உண்டு, மெயினை நிற்பாட்டாமல் கிணற்றில் வாளி விடக்கூட மாட்டோம். பெற்றோல் மிசின் இப்போது வாய்க்காலிலிருந்து தண்ணீர் எடுக்கவும் தண்ணீர் மேலே நிற்கிற மாதங்களுக்கும் மட்டும். மனிசனுக்கு இதையெல்லாம் போனில் சொன்னபோது கன நேரம் பேசவில்லை, பிறகு, "எனக்கும் உதெல்லாம் தெரியாது" என்றார்.

போன கிழமை அண்ணையின் மகன் வந்தான். கோயில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கப் போகிறார்களாம், மிசினும் அதை இறக்கின அந்தத் தடித்த கயிறும் வேண்டுமாம். மிசினைக் கொடுத்தேன், ஒயில் பார்த்து, பெற்றோல் விட்டு, கொப்பியோடு. கயிறு மாட்டுக்குக் கட்டியிருக்கிறது என்று சொன்னேன். எங்களிடம் மாடு இல்லை என்பது அவனுக்குத் தெரியும். ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "சரி அன்ரி, கரண்ட் மோட்டாருக்கு வயர் எத்தனை அடி வேணும்?" என்று கேட்டான்.